இருக்கும்போது 94, நடக்கும்போது 84: நாட்பட்ட சுவாச அடைப்பு நோயுள்ள வன்னிப் பெண்ணொருவரின் உடற்பயிற்சி – நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளி 57 வயதுப் பெண். கிளிநொச்சி மாவட்டத்தில் குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் ஒரு கிராமத்தில் கணவர், இளைய மகள், பேரன் ஆகியோருடன் வசிக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டோ தவிர்க்கப்பட்டோ உள்ளன.

அவர் ஒருநாளும் பீடியோ சிகரெட்டோ தொட்டவரல்ல. ஆனால் சிறுவயது முதல் விறகடுப்புக்கு முன்னால் இருந்தவர். அதற்கு மேலாக, பல வருடங்களாக நெல் அவித்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கியவர். அவியல் நாட்களில் பன்னாடையும் பாளையும் ஈரவிறகும் மணிக்கணக்காகப் புகைந்தபடியே இருக்கும். 2022இல் சமையல் எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது காஸ் அடுப்பு மூலைக்குப் போனது. பின்னர் சிலிண்டர் கிடைத்தும் அதைத் தேநீருக்கு மட்டுமே பாவித்தார்கள். புகைக்காத பெண்ணுக்கு இந்த நோய் வராது என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருப்பதால், இவரது மூச்சுமுட்டு நெடுங்காலம் 'தொய்வு' (ஆஸ்துமா) என்றே சொல்லப்பட்டு வந்தது.

ஸ்பைரோமெட்ரி ஊதற் பரிசோதனையில், மூச்சுக்குழல் விரிப்பு மருந்துக்குப் பிறகும், முதல் செக்கனில் வெளியேறிய காற்று மொத்தத்தில் 54 சதவீதமாக இருந்தது. 70 சதவீதத்துக்குக் குறைந்தால் நிலையான அடைப்பு உண்டென்று கொள்ளப்படும். முதல் செக்கனில் வெளியேறிய காற்றின் அளவு, அவரது வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கப்படும் அளவில் 44 சதவீதம். அதாவது கடுமையான நிலை. சளியில் காசநோய்க் கிருமி இல்லை. உயரம் 148 செ.மீ., எடை 40 கிலோ, உடல் நிறைச் சுட்டெண் 18.3. ஈமோகுளோபின் 10.1. சமதரையில் நூறு மீற்றர் அளவு நடந்தால் நிற்கவேண்டிய நிலை. முந்தைய வருடத்தில் இரண்டு தடவை நோய் கிளம்பி, ஒருமுறை வோட்டில் தங்கியிருக்கிறார்.

ஒரு கிளினிக் நாளில் "ஒவ்வொரு நாளும் நடவுங்கோ அம்மா, அது நல்லது" என்று அவருக்குச் சொல்லப்பட்டது. எவ்வளவு தூரம், எந்த வேகம், எப்போது நிற்பது என்று எதுவும் சொல்லப்படவில்லை, கொப்பியிலும் எழுதப்படவில்லை.

குளக்கட்டில் நடந்தது

ஆவணி மாதம். சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை. அயலில் உள்ள இரண்டு பெண்கள் காலையில் குளக்கட்டில் நடப்பவர்கள். அவர்களோடு இவரும் சேர்ந்துகொண்டார். முதல் இரு நாட்களும் கட்டின் அடிவாரத்திலேயே திரும்பிவிட்டார். மூன்றாம் நாள் கட்டில் ஏறி, துருசு (மதகு) இருக்கும் பக்கம் வரை போனார்கள்.

அங்கு ஒரே நேரத்தில் பல காரணிகள் சேர்ந்தன. கட்டின் சரிவில் ஏறியபோதே மூச்சு வாங்கிவிட்டது; ஏறியதும் நிற்காமல் நடை தொடர்ந்தது. காற்று எதிர்முகமாக, கிரவல் தூசியோடு அடித்தது. சுகதேகிகளான மற்ற இருவரின் வேகத்துக்கு நடந்துகொண்டே அவர்களோடு கதைத்தும் வந்தார். காலையில் வெறுந்தேநீர் மட்டும் குடித்திருந்தார். வாயால் உள்ளிழுக்கும் மருந்துப் பம்பை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மூச்சு முட்டிய பிறகு அடிப்பதற்கே அது என்பது அவரது விளக்கம்.

துருசுக்கு அருகில் தலை சுற்றி, உதடு நீலம் பாரித்து, தடுமாறினார். கூட வந்தவர்கள் அவரை நிலத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து வாயில் தண்ணீர் ஊற்றினார்கள். இரண்டுமே ஆபத்தானவை. மூச்சு முட்டும் ஒருவரை மல்லாக்கக் கிடத்தினால் வயிற்றின் பாரம் உதரவிதானத்தை மேலே தள்ளும்; மூச்சுத்திணறலில் இருப்பவர் வாயில் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குள் போகலாம். அவர் தானாகவே எழுந்து, முழங்கால்களில் கையூன்றி முன்பக்கமாகக் குனிந்து இருந்த பிறகே மூச்சு சற்று இறங்கியது. கணவர் ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தார்.

வோட்டில் கண்டவை

வந்து சேர்ந்தபோது இரத்தத்தின் ஒட்சிசன் செறிவு 89 சதவீதம். நெபுலைசர் கொடுத்து ஒரு மணித்தியாலத்தில் 94 ஆனது. காய்ச்சல் இல்லை; சளியின் நிறமோ அளவோ மாறவில்லை; எக்ஸ்ரேயில் புதிதாக எதுவும் இல்லை. ஈ.சி.ஜி.யும் மாரடைப்புக்கான இரத்தப் பரிசோதனையும் வழமையானவை. கட்டிலில் இருந்த பெண்ணைப் பார்த்தால் அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பக்கூடிய நிலைதான்.

அனுப்புவதற்கு முன், இந்தச் செறிவை அளக்கும் ஒக்சிமீற்றரை விரலில் மாட்டியபடி விறாந்தையில் நடக்கவிட்டுப் பார்க்கப்பட்டது. இரண்டு நிமிடத்துக்குள் 94 என்பது 84 ஆனது. அவருக்கோ அப்போது "கொஞ்சம் களைப்பு" மட்டுந்தான் தெரிந்தது.

இந்த நோயாளியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கண்டறிதலே திறவுகோல். ஓய்வில் இருக்கும்போது சேதமடைந்த நுரையீரலாலும் ஒப்பேற்ற முடிகிறது. நடக்கும்போது தசைகள் கூடுதலாக ஒட்சிசன் கேட்கின்றன. மூச்சு வேகமாகும்போது முழுதாக வெளிவிட நேரம் போதாமல் பழைய காற்று நெஞ்சுக்குள் தேங்குகிறது. புதுக்காற்றுக்கு இடம் குறைகிறது. கதிரையில் இருத்தி எடுத்த அளவு இவற்றில் எதையும் காட்டாது.

ஒக்சிமீற்றரை நம்புவதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத, குளிராத விரல் வேண்டும். கை ஆடினால் எண் பிழைக்கும். இரத்தம் நெஞ்சிலிருந்து விரலுக்கு வந்துசேர நேரம் எடுப்பதால், மிகக் குறைந்த எண் பெரும்பாலும் நின்றதற்குப் பிந்திய 20, 30 செக்கன்களில்தான் தெரியும். கருமையான தோலில் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதால், எமது மக்களில் 88 என்பதை ஆறுதலாக எடுக்காமல் எல்லைக்கோடாக எடுப்பதே பாதுகாப்பு.

பயிற்சியை நிறுத்துவதா

வீட்டார் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார்கள். நோயாளியும் அதே நிலையில்தான் இருந்தார்: "நடக்கச் சொன்னீங்கள், நடந்தன். இனி நடக்கமாட்டன் பிள்ளை." இயன்மருத்துவர் அவரிடம் வாதாடவில்லை. கதிரையிலிருந்து கையூன்றாமல் ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை எழும்பி இருக்க முடிகிறது என்று மட்டும் பார்த்தார். 13 தடவை. கடைசி நான்கில் மூச்சுக்கு முன்னதாகத் தொடைகளே கைவிட்டன. அதை நோயாளியும் உணர்ந்தார்.

அதிலிருந்து முடிவு வந்தது. மூச்சு முட்டுமென்று அசையாமல் இருந்தால் கால் தசை மெலியும். மெலிந்த தசை அதே வேலைக்கு அதிக மூச்சைக் கேட்கும். அதனால் இன்னும் அசையப் பயம் வரும். பயிற்சியால் நுரையீரல் திருந்தாது, தசை திருந்தும். எனவே பயிற்சியைத் தொடர்வதென்றும், ஒட்சிசன் இறங்குவதற்கு முன்னரே நிற்கும்படி அதைச் சிறு துண்டுகளாக வெட்டுவதென்றும் தீர்மானிக்கப்பட்டது.

வீட்டில் ஒட்சிசன் இயந்திரம் வைப்பது பற்றியும் கதைக்கப்பட்டது. ஓய்வில் 88 அல்லது அதற்குக் கீழே இருப்பவர்களுக்கே அது நீண்டகாலத் தேவை. இவருக்கு ஓய்வில் 94 என்பதால் கைவிடப்பட்டது.

தொடங்குமுன் மூன்று விடயங்கள் சரிசெய்யப்பட்டன. ஒன்று, இருதய எக்கோ (ஒலியலைப் பரிசோதனை). வலப்பக்க அழுத்தம் பெரிதாகக் கூடவில்லை. இரண்டு, இரத்தசோகைக்கு இரும்புக் குளிசை, தேநீரோடு அல்லாமல். மூன்றாவது பம்ப். அவர் அடித்த மருந்தில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் படிந்தது. அழுத்துவதும் இழுப்பதும் ஒத்துவரவில்லை. பம்புக்கும் வாய்க்கும் இடையில் மருந்தைத் தேக்கும் ஸ்பேசர் குழாய் கைக்கு வரும்வரை 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்குத் துளையிட்டு, சவர்க்கார நீரில் கழுவித் துடைக்காமல் காயவிட்டுப் பாவிக்கப்பட்டது. துடைத்தால் பிளாஸ்ரிக்கில் நிலைமின் ஏறி மருந்துத் துகள் சுவரில் ஒட்டும். பயிற்சிக்கு 15 நிமிடம் முன்பு, மூச்சுக்குழல் விரிப்பு மருந்தான சல்பியூட்டமோல் இரண்டு தடவை. ஒவ்வொரு தடவைக்கும் பம்பைக் குலுக்கி, ஒரு அழுத்தம், ஐந்து ஆறுதலான மூச்சு.

ஆறு நிமிட நடை

விறாந்தையில் 30 மீற்றர் அளந்து இரு முனையிலும் அடையாளம் வைக்கப்பட்டது. ஓடாமல், ஆறு நிமிடத்தில் இயன்ற தூரம் நடக்கவேண்டும். களைத்தால் நிற்கலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. பரிசோதிப்பவர் பக்கத்தில் நடந்தால் நோயாளி அவருடைய வேகத்துக்குப் போய்விடுவார் என்பதால் பின்னால்தான் வரவேண்டும். நெஞ்சுநோ, தள்ளாட்டம், முகம் வெளிறல், அல்லது செறிவு 80க்குக் கீழ் இறங்கல் என்றால் உடனே நிறுத்தம்.

முதல் நடையில் 246 மீற்றர். நடையின் சூட்சுமம் இரண்டாம் முறைதான் பிடிபடும் என்பதால் அரை மணித்தியாலத்துக்கு மேல் ஓய்வு கொடுத்து மீண்டும் நடத்தப்பட்டது: 258 மீற்றர், இரண்டு தடவை நின்று. செறிவு 94இலிருந்து 83. நாடித்துடிப்பு 92இலிருந்து 128. பூச்சியத்திலிருந்து பத்து வரையான போர்க் அளவில் மூச்சுக் கஷ்டம் 6.

258 மீற்றரை ஆறால் வகுத்தால் நிமிடத்துக்கு 43 மீற்றர். அதில் 80 சதவீதம், ஏறத்தாழ 34 மீற்றர், பயிற்சி வேகமாக எடுக்கப்பட்டது. அந்த வேகத்திலும் விடாமல் நடந்தால் ஒன்றரை நிமிடத்தில் செறிவு 88க்குக் கீழே போனது. ஒரு நிமிடத்துக்குள் நிறுத்தினால் 89இல் நின்றது. துண்டின் நீளம் இப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

வளவுக்குள் அமைத்த பயிற்சி

வைத்தியசாலைக்கு வந்துபோகவே அரை நாள் பஸ்ஸில் போய்விடும்; வாரம் இருமுறை வரவழைப்பது நடக்காத காரியம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளினிக், மற்ற நாட்களில் வீடு என்று வைக்கப்பட்டது.

படலையிலிருந்து கிணற்றடி வரை கயிற்றால் அளந்தால் 15 மீற்றர் வந்தது. போய்வர 30 மீற்றர். குறித்த வேகத்தில் 50 முதல் 55 செக்கன். வேப்பமர நிழலில் கைபிடியுள்ள கதிரை. ஒரு சுற்று நடந்து, இருந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி, குவித்த உதட்டால் ஊதவேண்டும். செறிவு 90 ஆகி, மூச்சுக் கஷ்டம் 2க்கு வந்த பிறகே அடுத்த சுற்று. முதல் வாரம் பத்துச் சுற்று, வாரத்தில் ஐந்து நாள். எண்ணிக்கை தவறாமலிருக்க ஒரு சிரட்டையில் பத்துப் புளியங்கொட்டை போட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றை மற்றச் சிரட்டைக்கு மாற்றச் சொன்னது பேரன். கிளினிக் குழு கொடுத்த அட்டவணையைவிட இது நன்றாக வேலை செய்தது.

நடக்கும்போது இரண்டு அடிக்கு மூச்சை இழுத்து, நான்கு அடிக்கு வெளியே விடுவது. இந்த நோயில் காற்றை வெளியேற்றுவதே சிக்கல் என்பதால் விடும் நேரம் இழுக்கும் நேரத்தைப்போல் இருமடங்கு. நடக்கும்போது கதையில்லை. இடையில் மகள் ஒரு கேள்வி கேட்பார். நான்கைந்து சொல்லில் பதில் வந்தால் சரியான அளவு, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்செடுத்தால் அளவு கூடிவிட்டது. கன்னத்தில் காற்றுப்படும்படி பனையோலை விசிறியால் வீசுவதும் சேர்க்கப்பட்டது. முகத்தில் படும் காற்று மூச்சுமுட்டும் உணர்வைக் குறைக்கும், செறிவை உயர்த்தாது.

தசைக்காக வாரம் மூன்று நாள்: கதிரையிலிருந்து எழும்பி இருத்தல் எட்டு வீதம் இரண்டு தடவை, கதவு நிலையைப் பிடித்துக் குதியுயர்த்தல் பத்து, 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலைத் தோள் மட்டம் வரை உயர்த்துதல் எட்டு. எழும்பும்போதும் உயர்த்தும்போதும் மூச்சை விடவேண்டும். பெரும்பாலானோர் அந்த இடத்தில்தான் மூச்சை அடக்குகிறார்கள்.

கைப் பயிற்சியைக் காலைவிடச் சிறிதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. மூச்சு முட்டும்போது கழுத்துத் தசையும் தோள் தசையும் மூச்சிழுக்க உதவிக்கு வருகின்றன. கையை உயர்த்தினால் அதே தசைகளுக்கு இரண்டு வேலை. கப்பியில் தண்ணீர் இழுப்பதும், கொடியில் உடுப்புக் காயப்போடுவதும் நடையைவிட இவரைக் களைக்க வைத்தது இதனால்தான். ஆகவே வாளி பாதியளவு. இழுக்கும்போது மூச்சை விடல். மூன்று இழுவைக்கு ஒரு நிறுத்தம். கொடியை மார்பு மட்டத்துக்கு இறக்கிக் கட்டல். உடுப்புத் தோய்க்கும் நாளில் தசைப் பயிற்சி இல்லை, அதுவே பயிற்சி.

நேரம் காலை ஏழரைக்குப் பின், கஞ்சியோ பாணோ சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து, அடுப்பு மூட்டுவதற்கு முன். அடுப்பைப் பற்றியும் ஒரு சொல்: அனகி என்ற களிமண் அடுப்பு விறகை மிச்சப்படுத்தும், ஆனால் புகைபோக்கி இல்லாத குசினியில் புகை அங்கேயேதான் சுற்றும். அடுப்பு இரு பக்கம் திறந்த பத்திக்கு மாற்றப்பட்டது. காலைச் சமையல் காஸுக்கு வந்தது. நெல் அவியல் நிறுத்தப்பட்டது. கடைசி முடிவு இலேசானதல்ல, அது அவர் கையில் புழங்கிய ஒரே காசு.

நிறுத்தவேண்டிய அறிகுறிகளும் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதப்பட்டன: நெஞ்சுநோ, தலைச்சுற்று, உதடு நீலித்தல், 85க்குக் கீழ் இறங்கல், இருந்து மூன்று நிமிடமாகியும் 88க்கு ஏறாமை. ஓய்வுக்கும் பம்புக்கும் அடங்காவிட்டால் 1990 அம்புலன்ஸ். மல்லாக்கக் கிடத்தக்கூடாது, தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது அடிக்கோடிட்டு.

முதல் வாரங்கள்

இரண்டாம் வாரத்தில் மூன்று நாள் பயிற்சி நடக்கவில்லை. "வருத்தக்காரியை வெயிலுக்குள்ள நடக்க விட்டிருக்கினம்" என்று வேலிக்கு அப்பாலிருந்து வந்த பேச்சு மகளைச் சுட்டது. நேரத்தை மாற்றாமல், குடும்பநல உத்தியோகத்தர் ஒருநாள் வந்து வளவில் கூட நின்றார். பேச்சு நின்றது.

மூன்றாம் வாரக் கொப்பியில் ஒவ்வொரு சுற்றுக்கும் 93, 93, 93. இவ்வளவு சீரான எண் நம்பத்தக்கதல்ல. இருந்து இரண்டு நிமிடம் கழித்தே கருவியை மாட்டியிருந்தார்கள். நடக்கும் முன்னரே விரலில் மாட்டி, நின்ற அரை நிமிடத்துக்குள் தெரியும் ஆகக் குறைந்த எண்ணை எழுதச் சொன்னபின் 89, 88, 90 என்று வந்தது.

மூன்று அமர்வுகள் தொடர்ந்து 88க்குக் கீழே போகாமலும் கஷ்டம் 4க்கு மேல் ஏறாமலும் இருந்தால் இரண்டு சுற்றைக் கூட்டலாம் என்பது விதி. நான்காம் வார முடிவில் 16 சுற்று. வேகம் கூட்டப்படவில்லை.

விரதமும் மழையும்

ஐந்தாம் வாரத்தில் கேதாரகௌரி விரதம் தொடங்கியது. தீபாவளி அமாவாசை வரை 21 நாள், ஒருபொழுது. விரதத்தை விடும்படி கேட்டபோது அவர் சிரித்தார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. 40 கிலோ எடையுள்ளவருக்கு ஒருபொழுதோடு பயிற்சி என்பது தசையைக் கரைத்துப் பயிற்சி செய்வது போன்றது. சுற்றுகள் எட்டாகக் குறைக்கப்பட்டு, உணவுக்குப் பின் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மாற்றப்பட்டன. அந்த ஒரு வேளையில் பயறும் உழுந்தும் தயிரும் கூட்டப்பட்டன. அப்படியும் எடை 39.2 ஆனது.

விரதம் முடிந்து சில நாட்களில் மாரி மழை பிடித்தது. வளவில் தண்ணீர் நின்றதால் பயிற்சி விறாந்தைக்கு வந்தது: நின்ற இடத்தில் காலைத் தூக்கி வைத்தல், 50 செக்கனுக்கு ஒரு துண்டு. எட்டாம் வாரம் சளி கூடி, மஞ்சட்பச்சையாகி, ஓய்விலேயே மூச்சு வாங்கியது. மூன்றும் சேர்ந்தால் மறுநாள் வரை பார்த்திருக்கக்கூடாது என்று கொப்பியில் இருந்தது, அன்றே வந்தார்கள். நுண்ணுயிர்கொல்லியும், பிரெட்னிசலோன் நாளுக்கு 40 மில்லிகிராம் வீதம் ஐந்து நாளும் வைத்தியரால் கொடுக்கப்பட்டன. வோட்டில் தங்கவேண்டி வரவில்லை.

அந்த ஐந்து நாளும் நடைப் பயிற்சி இல்லை. ஆனால் படுக்கையிலும் விடப்படவில்லை. மணிக்கு ஒருமுறை எழும்பி இருத்தல் மூன்று, மலசலகூடத்துக்குத் தானே நடந்து போதல். ஆறாம் நாள் எட்டுச் சுற்று, அதாவது முன்பு எட்டியதில் பாதி. பத்தாம் வாரத்தில் 14 சுற்று. பிறகு கூட்டப்பட்டது சுற்றின் எண்ணிக்கையல்ல, துண்டின் நீளம்: இரண்டு சுற்றைச் சேர்த்து 60 மீற்றர், பின்னர் ஓய்வு.

பதினான்காம் வாரம்

ஆறு நிமிடத்தில் 306 மீற்றர், ஒருமுறை மட்டும் நின்று. 48 மீற்றர் கூடியிருக்கிறது. 30 மீற்றர் அளவு கூடினாலே நோயாளிக்குப் பயனுள்ள மாற்றமென்று கொள்வர். ஆகக் குறைந்த செறிவு 86. மூச்சுக் கஷ்டம் 4. ஒரு நிமிடத்தில் எழும்பி இருத்தல் 13இலிருந்து 19. எடை 41. ஈமோகுளோபின் 11.6. ஸ்பைரோமெட்ரியில் முதல் செக்கன் காற்று எதிர்பார்க்கப்படும் அளவில் 44இலிருந்து 45 சதவீதம். மாற்றமில்லை என்றே கொள்ளவேண்டும், எதிர்பார்த்ததும் அதுதான்.

கோயிலுக்கு இடையில் ஒருமுறை இருந்து நடந்து போய்வருகிறார். முழுவாளித் தண்ணீர் இன்னும் இழுக்கமாட்டார். குளக்கட்டில் ஏறும் எண்ணத்தைக் குழு ஊக்குவிக்கவில்லை: சரிவில் நடை சமதரை நடையைவிடக் கூடிய ஒட்சிசன் கேட்கும், அங்கே இருக்க நிழலோ கதிரையோ இல்லை.

நடைமுறையில் மாற்றப்பட்டவை

இந்தக் கிளினிக்கில் நாட்பட்ட நுரையீரல் நோயுள்ள எவருக்கும் இப்போது வெறுமனே 'நடவுங்கோ' என்று சொல்லப்படுவதில்லை. முதலில் விறாந்தையில் நடத்திப் பார்த்து, தூரம், ஆகக் குறைந்த செறிவு, துண்டின் நீளம் மூன்றும் கொப்பியில் எழுதப்படுகின்றன. ஆறு நிமிட நடைக்கு இடமோ ஆளோ இல்லாத நாளில் ஒரு நிமிட எழும்பி இருத்தல் போதும், கருவி விரலில் இருக்கவேண்டும்.

விரத நாட்காட்டி தொடக்கத்திலேயே கேட்கப்படுகிறது. கந்தசஷ்டி, கேதாரகௌரி, நோன்பு எதுவாயினும். எடையைக் கூட்டும் உணவு விரதம் தொடங்கியபின் அல்ல, அதற்கு நான்கு வாரம் முன்பே தொடங்கவேண்டும். தசைப் பயிற்சியும் இவருக்கு முதல் வாரத்திலிருந்தே நடையைவிடக் கூடிய பங்கோடு தொடங்கியிருக்கலாம். அன்று முதலில் கைவிட்டது தொடைதான்.

கூட நடப்பவருக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கப்படுகிறது: வேகத்தை நோயாளியிடம் விடுவது, பம்ப் சட்டைப்பையில் இருக்கிறதா என்று பார்ப்பது, முட்டினால் முன்குனிய இருத்துவது.

இவருக்கு அடுத்த சோதனை காலபோக அறுவடை. வெட்டும் மெசினின் தூசியும் வைக்கோல் எரிக்கும் புகையும் பல நாட்கள் கிராமத்தைச் சூழ்ந்திருக்கும். அயல் வயல்கள் வெட்டும் நாட்களில் வளவுப் பயிற்சியை விட்டு, கதவடைத்த அறைக்குள் எழும்பி இருத்தலும் நின்ற இட நடையும் மட்டும் செய்வதென்று கொப்பியில் எழுதப்பட்டுள்ளது. எந்த வயல் எந்த நாள் வெட்டப்படும் என்பதை முன்கூட்டி அறிந்து சொல்லும் பொறுப்பைக் கணவர் ஏற்றிருக்கிறார்.